ஹைமவதி டீச்சர் அனுப்பிய பதினாலு விருப்பங்கள்

கணக்கு டீச்சர் ஹைமவதி ஹொள்ளா எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டாள். வகுப்பில் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். கேட்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் முன்பின் பார்த்திராத ஓர் ஆணுக்கு, உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது என்று பதினான்கு முறை சொல்லிவிட்டாள் என்றால் குந்தாபுரத்தில் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? நானும் சிரித்தேன். அவளோடு ஒரே பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் வீட்டுக்குப் பின்சந்தில்தான் குடியிருக்கிறேன். அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவள் அண்ணி ஜலஜா வேலிக்கு மேலாகவே சொல்லிவிடுவாள்.

ஹைமவதிக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சபதமெல்லாம் எடுக்கவில்லை. படிப்பு முடியட்டும் என்றாள், முடிந்தது. அப்பா படுக்கையில் விழுந்தார், ஆறு வருஷம் போயிற்று. அதற்குப் பிறகு கேட்கிறவர்கள் நின்றுவிட்டார்கள், அவளும் அதைப்பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். அண்ணன் ஸ்ரீபதி, அண்ணி ஜலஜா இவர்களோடு இருந்தாள். ஜலஜாவை அந்த ஊர் வழக்கப்படி "அத்திகே" என்றுதான் கூப்பிடுவாள்.

இணையத்தில் ஒரு கல்யாணத் தளத்தில் ஹைமவதியின் பெயரைப் பதிந்து வைத்தவள் ஜலஜாதான். "பதிஞ்சுக்கோ, பாத்துக்கோ. என்னை மட்டும் கூப்பிடாதே" என்று ஹைமவதி சொல்லியிருந்தாள். தொடர்பு எண்ணாக ஜலஜா கொடுத்தது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஸ்ரீபதியின் ஓட்டல் போன் நம்பர்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டரும் அந்த ஓட்டலிலிருந்து வந்ததுதான். அங்கே பில் போட்டுப் போட்டுக் களைத்து, புது இயந்திரம் வந்ததும் வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்தது. விசைப்பலகையின் இடுக்குகளில் தோசைமாவு காய்ந்து கிடந்தது. நாலு நாள் விடாமல் மழை பெய்தால் பெட்டிக்குள்ளிருந்து சாம்பார் வாசனை வரும். உள்ளே இருந்த சின்ன பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால், மின்சாரம் போய் வந்தால் அதற்குத் தேதி மறந்துவிடும். 2002 ஜனவரி ஒன்றாம் தேதி என்று நினைத்துக்கொண்டு கண் விழிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் குந்தாபுரத்தில் மின்சாரம் போகாத நாள் ஏது?

தேதி தப்பாக இருந்தால், எந்தத் தளத்தைத் திறந்தாலும் இந்த இடம் பாதுகாப்பானது இல்லை என்று உலாவி கையை நீட்டித் தடுக்கும். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத் தேதியைத் திருத்திவிட்டு மறுபடி வந்தால், உங்கள் உலாவி மிகப் பழையது என்று மேலே ஒரு மஞ்சள் பட்டை. சரி, புதியதைப் போடலாம் என்று போனால் அந்தப் புதிய உலாவி, உங்கள் கம்ப்யூட்டர் மிகப் பழையது என்று உள்ளே வர மறுத்துவிடும்.

"மாமியார் இல்லாத வீடுன்னு எங்கம்மா சந்தோஷப்பட்டுத்தான் என்னை இங்க குடுத்தா" என்பாள் ஜலஜா. "இப்ப பாரு, எதைக் கேட்டாலும் மொதல்ல முடியாதுன்னு சொல்ல ஒண்ணு வந்து உக்காந்துருக்கு."

ஜலஜாவுக்கு அதனோடு பழகத் தெரியும். ஒரு முறை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள். பலாக்கொட்டை உரிப்பாள், துணி மடிப்பாள், திரையில் மணல்கடிகாரம் மறைந்ததும் திரும்பி வருவாள். ஹைமவதிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வகுத்தல் தெரியாத பிள்ளையோடு ஒரு வருஷம் முழுக்க மல்லுக்கட்டுவாள். பதில் சொல்லாத இயந்திரத்தோடு அரை நிமிஷம் தாங்கமாட்டாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜலஜா ஒரு வரனைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். ஓடும்போதே, "ஹைமா, ஒரு நிமிஷம் வந்து பாரு. ஹொசநகரத்து மாட்டு டாக்டராம். பேரு உடுப்பா. நல்ல மனுஷன் மாதிரி இருக்கு" என்று கத்தினாள்.

"நீயே பாத்துக்கோ."

"படம் எறங்கிட்டு இருக்கு. அணைஞ்சுடாம இருக்கான்னு பாத்துக்கோ, அது போதும்!"

ஹைமவதி போய் உட்கார்ந்தாள். படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. முடி வந்தது. நெற்றி வந்தது. மூக்குக் கண்ணாடியின் மேல் விளிம்பு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஜலஜா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"எப்படி இருக்காரு?"

"நெத்தி இருக்கு."

"அது போதும். மூளை இருக்கறவங்களுக்குத்தான் நெத்தி அகலம்."

"அகலம் இல்ல அத்திகே, மேல முடி போயிடுச்சு" என்று சொல்லி ஹைமவதி பக்கத்தை மூடப் போனாள். மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினாள். அசையவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். அதற்குள் பாதியில் நின்ற பக்கம் மெல்லத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஆரம்பித்தது; மேலே இருந்தது கீழே போயிற்று, கீழே இருந்தது மேலே வந்தது. மணல்கடிகாரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஹைமவதி அமுக்கினாள், அமுக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். திரை ஒருமுறை வெள்ளையாகி மீண்டு வந்த கணத்தில் மின்சாரம் போய்விட்டது.

"ஒழிஞ்சது" என்று எழுந்து போய் அவள் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள்.

ஒழியவில்லை. அவள் அமுக்கியதெல்லாம் வரிசையில் நின்று காத்திருந்து, உலாவிக்கு உயிர் வந்த அந்தக் கணத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மூடும் குறி இருந்த இடத்துக்கு நகர்ந்து வந்திருந்தது 'விருப்பம் தெரிவி' என்ற பொத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டலில் கூட்டம் நெரியும் வேளையில் போன் அடித்தது. ஸ்ரீபதி ஒரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டே எடுத்திருக்கிறார்.

"வணக்கம், ஹொள்ளா அவங்களா? ஹொசநகரத்திலேருந்து பேசறேன். என் பேரு நரஹரி உடுப்பா. உங்ககிட்டேருந்து பதினாலு வந்திருக்கு."

"பதினாலா? பார்சல்தானே? குறைஞ்சு போச்சா?"

"குறையலை, அதிகமாத்தான் வந்திருக்கு. ஒண்ணு போதும்."

"பரவாயில்லை, வெச்சுக்கோங்க. ருசி எப்படி இருந்துச்சு?"

"ருசியா? அய்யோ மாராயரே, நான் இன்னும் நேர்லயே பாக்கலை!"

பின்னால் "ரெண்டு நீர்தோசை!" என்று யாரோ கத்த, ஸ்ரீபதி, "ஆறினா நல்லா இருக்காது, சீக்கிரம் சாப்பிட்டுடுங்க" என்று அறிவுரை சொல்லி வைத்துவிட்டார். நரஹரி உடுப்பா விடவில்லை. மறுபடி கூப்பிட்டு, இது கோளி பஜே போண்டா விஷயமல்ல, தங்கை விஷயம் என்று விளக்கிச் சொன்னார். ஸ்ரீபதி கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று மாலை நான் போனபோது வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. ஜலஜா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சாவு மாராய்தி இது!" என்று என்னைப் பார்த்ததும் ஹைமவதி வெடித்தாள். ஆணானால் மாராயரே, பெண்ணானால் மாராய்தி; அந்த ஊர்ப் பேச்சில் அது வாய்க்கு வாய் வரும். "நான் மூடத்தான் அமுக்கினேன். சத்தியமா மூடத்தான்!"

"கதவை மூடப் போனவ பதினாலு தடவை உள்ள வாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கா" என்றாள் ஜலஜா.

"நெத்தியை மட்டும் பாத்தே பதினாலுன்னா, முழு மூஞ்சியும் எறங்கியிருந்தா எத்தனை போயிருக்குமோ" என்றார் ஸ்ரீபதி.

ஹைமவதி கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். தவறைத் தானே திருத்துவது அவள் வழக்கம். தேதியைச் சரிசெய்து, தளத்தைத் திறந்து, அவருக்கு ஒரு விளக்கம் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று படித்தேன். அழகான, மரியாதையான, ஒரு பிழையும் இல்லாத விளக்கம். அனுப்பினாள். உலாவி யோசித்தது. ஹைமவதியின் விரல் துடித்தது.

"அமுக்காதே!" என்று நானும் ஜலஜாவும் ஒன்றாகக் கத்தினோம்.

அதற்குள் மூன்று முறை அமுக்கிவிட்டாள்.

பக்கம் திரும்பி வந்தபோது நாலு செய்திகள் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது. நாலிலும் ஓர் எழுத்துகூட இல்லை. விளக்கத்தை விழுங்கிவிட்டு வெறும் உறைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது அந்தப் பாவி.

மறுநாள் பதில் வந்திருந்தது. ஜலஜா அதை வேலியோரம் வந்து எனக்கு மனப்பாடமாக ஒப்பித்தாள்: 'நாலு முறை பேச வந்து நாலு முறையும் பேசாமல் போயிருக்கிறீர்கள். வெட்கம் புரிகிறது. போன் செய்யலாமா?'

வீட்டு போனில் ஹைமவதியே பேசினாள். ஜலஜாவைக் கையசைத்துத் துரத்திவிட்டுத்தான் பேசினாள், ஆனாலும் அவள் குரல் பின்சந்து வரைக்கும் கேட்டது.

"பாருங்க டாக்டரே, அது நான் பண்ணினது இல்ல. எங்க வீட்டு பிரவுசர் சரியில்ல."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. "எனக்குக் கணக்கு வராது டீச்சரே, ஆனாலும் கேக்கறேன். தப்பா ஒரு தடவை அமுக்கலாம், ரெண்டு தடவை அமுக்கலாம். ஒரே எடத்துல பதினாலு தடவை தப்பு நடக்குமா?"

"எங்க கம்ப்யூட்டர்ல நடக்கும். வேணும்னா வந்து பாருங்க!"

"வர்றேன். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

ஹைமவதி போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஓர் ஆணைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டோம் என்பது வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த வாரம் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் நான் அவளைச் சீண்டிக்கொண்டே வந்தேன். சேலை எடுத்தாயா, பூ வாங்கினாயா என்று கேட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஒழுகும் மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எல்லாரும் பதினாலு பதினாலுன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்ல. ஆனா இத்தனை வயசுல யாரையும் பிடிச்சிருக்குன்னு ஒரு தடவை கூட நான் சொன்னதில்ல, மாராய்தி. நானா சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு ரெண்டு நாளா தோணிட்டே இருக்கு. அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

நான் சேலைப் பேச்சை விட்டுவிட்டு, எங்கள் நிறுத்தம் வந்ததும் அவள் குடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நரஹரி உடுப்பா ஹுலிகல் மலைச்சாலையில் பஸ் பிடித்து, நனைந்த குடையோடு வந்து இறங்கினார். உயரமான ஆள். நெற்றி படத்தில் பார்த்ததைவிட இன்னும் இரண்டு விரல் மேலே போயிருந்தது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், பாட்டுப் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. "எங்க அந்த கம்ப்யூட்டர்?" என்றுதான் கேட்டார். ஸ்ரீபதி நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னையும் சாட்சிக்கு என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"இப்ப பாருங்க" என்றாள் ஹைமவதி, பரிசோதனை செய்து காட்டும் வாத்தியார் குரலில். "நான் ஒரு தடவை அமுக்குவேன். அது பிரேதம் மாதிரி கெடக்கும்."

அமுக்கினாள். பக்கம் பளிச்சென்று திறந்தது.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். அதுவும் திறந்தது. செய்தித்தாள், ரயில் நேரம், மழை நிலவரம், ஒன்று விடாமல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திறந்துகொண்டே வந்தது. மஞ்சள் பட்டைகூட வரவில்லை. தேதிகூடச் சரியாக இருந்தது. மூன்று நாளாக மின்சாரம் போகாத அதிசயம் அந்த வாரம்தான் நடந்தது.

"நல்லா ஓடுதே, டீச்சரே" என்றார் டாக்டர் மிகவும் பணிவாக.

"தினமும் இப்படி இல்ல! அத்திகே, சொல்லேன்!"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ஜலஜா. "என்கிட்ட அது எப்பவும் ஒழுங்காத்தானே நடந்துக்கும்."

"அண்ணா!"

"என் ஓட்டல்ல இருந்தப்ப ஒரு பில்லு தப்பினதில்ல" என்றார் ஸ்ரீபதி.

ஹைமவதிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. ஜலஜா வைத்த சேப்பங்கிழங்கு இலைப் பத்ரொடையில் ஒரு துண்டை டாக்டர் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கூட்டிட்டு வந்தா மாடும் இப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னார். "வீட்டுல நாலு நாளா தீனி திங்கலைம்பாங்க. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் என் சட்டையைத் திங்கும்."

ஹைமவதி அவரைத் திரும்பிப் பார்க்காமல், கடைசி முயற்சியாக அவருடைய பக்கத்தையே திறந்தாள். அன்றைக்குப் பாதியில் நின்ற அதே படம். ஒரே வீச்சில் முழுதாக இறங்கியது. அவள் படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். வகுப்பில் காப்பியடித்தவனைக் கண்டுபிடித்ததும் அவள் இப்படித்தான் திரும்புவாள்.

"டாக்டரே, இந்தப் படம் எப்ப எடுத்தது?"

அவர் பத்ரொடையை மென்று முடிக்க அவசியத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் முன்னாடி."

"மீசை முழுக்கக் கறுப்பா இருக்கு."

"ஆமா, அப்ப இருந்துச்சு."

"எப்ப?"

"ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்றார் மிகத் தாழ்ந்த குரலில். "புதுசு ஏத்தணும்னு ரெண்டு தடவை உக்காந்தேன், டீச்சரே. எங்க மலையில நெட் சரியில்ல. பாதியிலயே நின்னுடும்."

"அப்படியா?" என்றாள் ஹைமவதி. "உங்க ஊர்ல நெட் பாதியில நிக்கும்னா நான் நம்பணும். எங்க வீட்டுல பிரவுசர் பாதியில நின்னா நீங்க நம்ப மாட்டீங்க?"

ஜலஜா கையைத் தட்டினாள். ஸ்ரீபதி, "ஆட்டம் சமம்!" என்று அறிவித்தார். டாக்டர் தலைகுனிந்து கைகூப்பிவிட்டார். ஹைமவதி முதன்முதலாக அன்றைக்குச் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து போய், அவருக்கு இரண்டாவது கோப்பை காப்பியைத் தானே கொண்டுவந்து வைத்தாள்.

அதன்பிறகு அவர்கள் இருவரும் வாசல்பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். நாங்கள் சமையலறையில் ஒட்டுக்கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்தத் தளத்தில் இரண்டு வருஷமாகப் பெயர் இருந்தும் தனக்கு ஒருவர்கூட விருப்பம் அனுப்பவில்லை என்று அவர் சொன்னார். காட்டுக்குள் தனியாக வேலை, உடம்பெல்லாம் மாட்டு வாசனை, யார் வருவார்கள்? "ஒரே மத்தியானத்துல பதினாலு வந்ததும் என் கம்பவுண்டர்கிட்ட காட்டினேன். அவன், டாக்டரே, கோமாரி நோய் கூட இவ்வளவு வேகமா பரவாதுன்னான்." பிறகு அவர் சொன்னார்: "தப்பா வந்ததுதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பதினாலும் ஒரே நிமிஷத்துல வந்திருந்துச்சு. தெரிஞ்சேதான் போன் பண்ணினேன்."

"தெரிஞ்சும் என்னை ஒரு வாரமா வதைச்சீங்களா?"

"வந்து பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஹைமவதி உடனே சம்மதித்துவிடவில்லை. வேலையை விடமாட்டேன் என்றாள். மலைமேல் வந்து இருக்கமாட்டேன் என்றாள். எதற்கும் அவசரப்படமாட்டேன் என்றாள். அவர் மாற்றலுக்கு எழுதிப் போட்டார். மாற்றல் லேசில் வரவில்லை. அந்தக் காலமெல்லாம் பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிறங்கி வந்தார். கம்ப்யூட்டரும் பழைய குணத்துக்கே திரும்பியிருந்தது. ஒருநாள் அவரே கரண்ட் கட்டணம் கட்ட உட்கார்ந்து, மணல்கடிகாரத்தைப் பார்த்து முக்கால் மணிநேரம் கழித்து, வாய்திறக்காமல் எழுந்து வந்தார். "நான் ஒண்ணும் கேக்கலை" என்றாள் ஹைமவதி. ஆனால் அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது.

ஒரு மாலை, பஸ்ஸுக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தவரிடம் அவளே சொன்னாள். "டாக்டரே, உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இது கம்ப்யூட்டர் சொல்றது இல்ல." அவர் விரித்த குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, படியில் மறுபடி உட்கார்ந்துகொண்டார். அந்த பஸ் போய்விட்டது. ஸ்ரீபதிதான் ராத்திரி அவரைப் பைக்கில் மலையடிவாரத்துச் சித்தாபுரம்வரை கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

பைந்தூருக்கு மாற்றல் வந்ததும் கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து பள்ளிக்கு ஹைமவதி தினமும் பஸ்ஸில் வருகிறாள். போன தசரா விடுமுறையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் யாரோ கொண்டுவந்து கட்டியிருந்த கன்றுக்குட்டி ஒன்று, காலில் கட்டோடு படுத்திருந்தது. உள்ளே ஹைமவதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்; டாக்டர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு மார்க் போடேன்."

"எதுக்கு? விடை தப்பு."

"தப்புதான். ஆனா எவ்வளவு தைரியமா எழுதியிருக்கா பாரு, கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கா."

"தைரியமா போட்டா ஊசி எந்தக் கால்ல போட்டாலும் சரியா, டாக்டரே?"

கன்று கத்தியது, அவர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் போய்விட்டாரா என்று ஹைமவதி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சிவப்பு மையால் அந்தத் தாளில் அரை மார்க் போட்டாள். நான் பார்த்துவிட்டதைக் கண்டு, உதட்டில் விரலை வைத்தாள்.